‘குறைந்தபட்சத் தண்டனை கொடுங்கள் ஐயா’: அந்தப் பத்து நிமிடத்துக்குத் தயாராவது எப்படி?

வக்கீல் குமாஸ்தாவாக 34 வருடம் இருந்தேன். வாதாடுவது என் வேலை கிடையாது. கட்டு தூக்குவது, வாய்தா குறிப்பது, நகல் மனு போடுவது, கேட்ட நேரத்தில் கேட்ட காகிதம் சீனியர் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான். ஆனால் நகல் வாங்கி வாங்கி, குற்றவியல் தீர்ப்புகளில் ஒரு பத்தி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ‘தண்டனை குறித்துக் கேட்டபோது எதிரி, தான் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்றும், தனக்கு வயதான பெற்றோரும் மனைவியும் சிறு குழந்தைகளும் உள்ளனர் என்றும், தன் வருமானத்தை நம்பியே குடும்பம் உள்ளது என்றும், எனவே குறைந்தபட்சத் தண்டனை வழங்குமாறும் கேட்டுக்கொண்டார்.’ பெயரை மாற்றினால் எந்த வழக்குக்கும் ஒட்டிக்கொள்ளும். குற்றவாளி என்று முடிவான பிறகு, தண்டனையை அறிவிக்கும் முன் நீதிபதி ‘என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?’ என்று கேட்கும் அந்தப் பத்து நிமிடத்தில் சொல்வது இது. (கோர்ட்டு பாஷையில் ‘எதிரி’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.) நீதிபதியும் இதை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்.

இதை உச்ச நீதிமன்றமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. 1991ல் சேவக பெருமாள் எதிர் தமிழ்நாடு அரசு என்ற கொலை வழக்கு. இளைஞர்கள், சம்பாதிக்கிறவர்கள், இள வயது மனைவி, சின்னக் குழந்தை, வயதான பெற்றோர் என்று எல்லாமே சொல்லிப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட இரக்கக் காரணங்கள் பெரும்பாலான வழக்குகளில் இருக்கத்தான் செய்யும், அதற்காகத் தலையிட முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. அரசு வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பைச் சட்டைப் பையில் வைத்திருக்கிற மாதிரி சட்டென்று எடுத்துப் போடுவார்கள்.

அப்படியென்றால் குடும்பத்தைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம். எந்தக் குடும்பத்துக்கும் பொருந்துகிற மாதிரி பேசக்கூடாது. இந்த வீட்டில், இந்த ஆளில்லாமல், குறிப்பாக எது நின்றுபோகும் என்று காட்ட வேண்டும். அதைவிட முக்கியம், இந்த ஆள் திரும்பி வந்தால் யார் பிடியில், எந்த வேலையில் இருப்பார் என்று காட்டுவது. இரண்டுக்கும் காகிதம் வேண்டும். அதைச் சேர்ப்பதற்கு எப்படியும் இரண்டு மூன்று மாதம் ஆகும். தீர்ப்பு நாளன்று வாசலில் நின்று சேர்க்க முடியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. இங்கே எழுதுவதை உங்கள் வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு செய்யுங்கள்.

முதலில், அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது

1898ஆம் ஆண்டின் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தண்டனை பற்றித் தனியாகக் கேட்கும் கட்டமே கிடையாது. சட்ட ஆணையம் தன் 48ஆவது அறிக்கையில் பரிந்துரைத்து, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. அமர்வு நீதிமன்றத்துக்கு 235(2), நடுவர் முன் நடக்கும் வாரண்ட் வழக்குக்கு (இரண்டு வருடத்துக்கு மேல் தண்டனைக்குரிய குற்றம்) 248(2). 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவையே 258(2), 271(2) ஆகிவிட்டன. பழைய வழக்குக்குப் பழைய எண், புதிய வழக்குக்குப் புதிய எண்.

‘குற்றவாளி’ என்று முடிவு செய்த பிறகு, தண்டனை எவ்வளவு என்பது பற்றிக் குற்றவாளியைக் கேட்டே ஆக வேண்டும் என்பதுதான் இந்தப் பிரிவுகளின் சாரம். 1976ல் சாந்தா சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் இப்படிக் கேட்காமலே தூக்குத் தண்டனை கொடுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து, கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கீழே திருப்பி அனுப்பியது. கேட்பது என்றால் வாயால் நாலு வார்த்தை கேட்பது மட்டும் இல்லை, ஆதாரம் தாக்கல் செய்யவும் வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சொன்னது. வயது, படிப்பு, வீட்டுச் சூழல், வேலை, மனநிலை, முன் வழக்குகள், திருந்தி வாழ வாய்ப்பு என்று எதையெல்லாம் பார்க்க வேண்டும் என ஒரு பட்டியலே அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. எங்கள் சீனியர் அதை ஜெராக்ஸ் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். கட்சிக்காரர் வந்தால் அதைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்.

1989ல் அல்லாவுதீன் மியான் வழக்கில், குற்றவாளி என்று முடிவு செய்த பிறகு தண்டனைக்கு வேறு ஒரு நாள் தள்ளிவைப்பதே பொது வழக்கமாக இருக்கட்டும் என்றார்கள். நடைமுறையில்? காலை 11 மணிக்குக் குற்றவாளி, மதியம் 3 மணிக்குத் தண்டனை என்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவகாசம் வேண்டுமென்றால் எழுத்தில் மெமோ போட்டுக் கேளுங்கள். கேட்டு மறுத்தால் அது பதிவாகும். கேட்காமலே இருந்துவிட்டு மேல்முறையீட்டில் ‘அவகாசம் தரவில்லை’ என்றால், 1977 டக்டு வழக்கைக் காட்டி, அந்த ஆதாரத்தை இங்கேயே தாக்கல் செய்யுங்கள் என்று மேல் நீதிமன்றமே கேட்டு முடித்துவிடலாம்.

எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள்

காகிதம் சேர்க்கும் முன் ஒரு கேள்வி. உங்கள் பிரிவில் நீதிபதிக்கு எவ்வளவு கை அசைக்க இடம் இருக்கிறது? போக்ஸோ மாதிரி குறைந்தபட்சத் தண்டனை விதித்திருக்கும் சட்டத்தில், வீட்டில் என்ன கஷ்டம் இருந்தாலும் அந்த அளவுக்குக் கீழே இறங்க முடியாது. அங்கே நீங்கள் கேட்கக்கூடியது குறைந்தபட்சத்துக்கு மேலே போகாதீர்கள் என்பது மட்டுமே. ‘மன்னித்து விட்டுவிடுங்கள்’ என்று மனு எழுதினால் அந்தத் தாளோடு நீதிபதியின் கவனமும் போய்விடும்.

திருட்டு, சாதாரண ஆயுதக் காயம், மோசடி போன்றவற்றில் இடம் நிறைய இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவையும் ஒரு தண்டனையாக வந்திருக்கிறது. 5000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி, அதுவே முதல் தண்டனையாக இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான்.

நன்னடத்தைச் சட்டம்: மறந்துபோகிற கதவு

1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை நிறையப் பேர் கேட்பதே இல்லை. அதன் 4ஆவது பிரிவின்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாத குற்றமாக இருந்தால், சிறைக்கு அனுப்பாமல் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அதிகபட்சம் மூன்று வருட நன்னடத்தையில் விடலாம். 3ஆவது பிரிவு இன்னும் லேசானது. முன்பு தண்டனை இல்லாதவராக இருந்து, குற்றம் சில வகைத் திருட்டு, மோசடி அல்லது இரண்டு வருடம் வரை தண்டனைக்குரியது என்றால், எச்சரித்து அனுப்பிவிடலாம்.

21 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு 6ஆவது பிரிவு பெரிய கேடயம். ஆயுள் தண்டனைக்குரியது அல்லாத குற்றம் என்றால், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வரவழைத்துப் பார்த்து, ஏன் நன்னடத்தையில் விட முடியாது என்று காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்ப முடியாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எந்த நாளில் 21க்குக் கீழே? 1963ல் ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில், விசாரணை நீதிமன்றம் தண்டனையை முடிவு செய்கிற நாள்தான் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றம் நடந்தபோது 19, தீர்ப்பு வரும்போது 22 என்றால் இந்தக் கேடயம் போய்விட்டது. ஒரு பையனுக்குப் பிறந்தநாள் வர மூன்று வாரம் இருந்தபோது, அவன் அப்பா அதை அறியாமல் வேறு ஏதோ காரணத்துக்காக வாய்தா கேட்கச் சொன்னார். நான்தான் பள்ளிச் சான்றிதழைப் பார்த்துச் சீனியரிடம் ஓடினேன். வாய்தா கேட்கவில்லை.

ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய பிரிவில் இந்தக் கதவு மூடியிருக்கும். அலட்சியமாக வண்டி ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்திய வழக்குகளில், சட்டப்படி வழி இருந்தாலும் நன்னடத்தையில் விடக்கூடாது என்று 2000ல் தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொல்லியிருக்கிறது. போதைப்பொருள் சட்டத்திலும் ஊழல் தடுப்புச் சட்டத்திலும் தடைகள் உண்டு. இன்னொன்று: நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்கும் என்பதால் அரசு வேலை தப்பிக்கும் என்று நினைக்காதீர்கள். குற்றவாளி என்ற முடிவு அப்படியே நிற்கும், துறை நடவடிக்கை வரலாம்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், அக்கம்பக்கத்திலும் கேட்பார். பலர் அவரைப் போலீஸ் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். இல்லாவிட்டால் ‘தங்கமான பிள்ளை, கூட்டாளிகள் கெடுத்துவிட்டார்கள்’ என்று ஒரே பாட்டுப் பாடுகிறார்கள். அவர் தேடுவது, இந்தப் பையன் இரவு எட்டு மணிக்கு வீட்டில் இல்லையென்றால் யார் கேட்பார்கள், யார் சொன்னால் அவன் கேட்பான் என்பதை. அந்த ஆளைக் காட்டுங்கள். ஒரு வழக்கில் தாய்மாமா தன் ஊருக்கே கூட்டிப்போய்த் தன் பட்டறையில் வைத்துக்கொள்வதாக எழுதிக்கொடுத்தார். அம்மாவுக்கு மனசே இல்லை. ஆனால் பழைய கூட்டத்திலிருந்து பிரிந்து வேறு இடம், வேறு பொறுப்பு என்பது அறிக்கையில் நாலு வரி பிடித்தது.

குடும்பக் கஷ்டம்: எது எடை பெறும்

என் அனுபவத்தில் நீதிபதி மனதில் ஓடும் கேள்விகள் இவை. யார் இவரை நம்பியிருக்கிறார்? பணத்துக்காகவா, உடல் பராமரிப்புக்காகவா? வேறு யாருமே இல்லையா? வழக்குக்கு முன்பும் இவர்தான் இதையெல்லாம் செய்தாரா, இல்லை இப்போது ஞாபகம் வந்ததா?

கடைசிக் கேள்வியில்தான் பாதிப் பேர் விழுவார்கள். பணக் கஷ்டத்தைவிடப் பராமரிப்புக்கு எடை அதிகம் என்பதும் என் கணிப்பு. பணத்தை எப்படியாவது யாராவது கொடுக்கலாம். படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக் குளிப்பாட்டும் ஆளுக்கு மாற்று கிடைப்பது கஷ்டம்.

ஒருவன் அடிதடி வழக்கில் இருந்தான். அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். மருத்துவச் சான்றை மட்டும் கொண்டுவந்தார்கள். சீனியர் அதைத் திருப்பிக் கொடுத்து, ‘நோய் இருக்கிறது சரி, இவன் என்ன செய்கிறான்?’ என்றார். மருத்துவமனையில் உடன் வருபவர் கையெழுத்துப் போடும் பதிவேடு உண்டு என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. மனு கொடுத்து ஒன்றரை வருட நகல் வாங்கினோம். ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் அவன் கையெழுத்து. நீதிபதி புரட்டிக்கொண்டே, ‘தங்கை இருப்பதாக சாட்சியத்தில் வருகிறதே?’ என்றார். தங்கை வேறு மாநிலத்தில் கைக்குழந்தையோடு இருப்பதற்கான காகிதம் அடுத்த பக்கத்தில் இருந்தது. சிறை தவிரவில்லை. ஆனால் அதே நீதிமன்றத்தில் அந்த மாதிரிக் காயத்துக்கு வழக்கமாக விழுவதில் பாதிதான் விழுந்தது, தீர்ப்பில் பதிவேட்டைப் பற்றித் தனியாக ஒரு பத்தியும் இருந்தது.

இதற்கு நேர் எதிராக ஒன்று. ‘என்னைத் தவிர சம்பாதிக்க ஆளில்லை’ என்று ஒருவர் சொன்னார். அரசு வழக்கறிஞர் எழுந்து கட்டைப் புரட்டினார். மூன்று வருடத்துக்கு முன் ஜாமீன் எடுத்த அன்று அண்ணன்தான் ஜாமீன்தாரர். அவருடைய சம்பளச் சான்று அங்கேயே இருக்கிறது. அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு சொன்ன உண்மைகூடப் பொய்யாகத்தான் கேட்டது. அதனால் நான் தண்டனைக் கட்டு தயாரிக்கும்போது முதலில் பார்ப்பது பழைய ஜாமீன் காகிதங்களை. அடுத்து, குறுக்கு விசாரணையில் குடும்பத்தைப் பற்றி வந்த வரிகளை.

எழுத்து மூலம் தாக்கல் செய்யும்போது, ‘எதிரியின் தாயார் தீராத நோயால் அவதிப்படுகிறார், எதிரியை நம்பியே உயிர் வாழ்கிறார்’ என்று எழுதாதீர்கள். இப்படி எழுதலாம்: ‘எதிரியின் தாயாருக்கு வயது 63. வாரம் இரு முறை டயாலிசிஸ் செய்யப்படுகிறது (ஆவணம் 1). உடன் செல்பவர் எதிரி (ஆவணம் 2, பக்கம் 3 முதல் 28 வரை). தந்தை இறந்துவிட்டார் (ஆவணம் 3). ஒரே சகோதரி வெளிமாநிலத்தில் வசிக்கிறார் (ஆவணம் 4). சிறைத் தண்டனை விதிக்கப்பட்டால் முதல் மாதத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டார் உதவுவதாகச் சொல்லியுள்ளனர்.’ கடைசி வரியைப் பார்த்துக் கட்சிக்காரர்கள் பதறுவார்கள், உதவி இருக்கிறது என்று நாமே ஏன் சொல்ல வேண்டும் என்று. நீதிபதி அதை எப்படியும் கேட்பார். நாமே சொன்னால் மற்ற வரிகளையும் நம்புவார்.

குழந்தைகள் விஷயத்தில் தாய்க்கும் தந்தைக்கும் நடைமுறையில் வேறுபாடு இருக்கிறது. 1974ல் எடிகா அன்னம்மா வழக்கில் இரட்டைக் கொலைக்கான மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தபோது, அவளுடைய இள வயதையும், புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டதையும், ஒரே மகனையும் சேர்த்துப் பார்த்தார்கள். குழந்தை தனிக் காரணமாக நிற்கவில்லை, அவள் வாழ்க்கையின் மொத்தச் சித்திரத்தில் ஒரு பகுதியாக நின்றது என்பதைக் கவனியுங்கள். சிறையில் தாயோடு குழந்தை ஆறு வயது வரைதான் இருக்கலாம் என்று 2006ல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் விதிமுறை வந்திருக்கிறது. குழந்தைக்கு ஏழு வயது என்றால், அது எங்கே போகும், யார் கூப்பிட்டுக்கொள்ளத் தயார், அந்த வீட்டில் ஏற்கெனவே எத்தனை பேர் என்று எழுதுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் 2007ல் எஸ் எதிர் எம் என்ற வழக்கில், மூன்று பையன்களைத் தனியாக வளர்க்கும் தாயைச் சிறைக்கு அனுப்பும் முன் நீதிமன்றமே குழந்தைகளின் நலனைத் தனியாக விசாரித்தாக வேண்டும் என்றது. அங்கே பார்த்தது குற்றவாளியின் கஷ்டத்தை அல்ல, குழந்தையின் உரிமையை. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் எங்கள் சீனியர் அந்தக் கோணத்தைக் கடன் வாங்குவார். ‘இவருக்கு இரக்கம் காட்டுங்கள்’ என்று தொடங்காமல், ‘இந்த எட்டு வயதுப் பெண் குழந்தை வருகிற திங்கட்கிழமை யார் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் என்பதைச் சொல்ல அனுமதியுங்கள்’ என்று தொடங்குவார்.

ஒரு இடத்தில் குடும்பக் கஷ்டம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். பாதிக்கப்பட்டவரே அந்த வீட்டு ஆளாக இருக்கும் வழக்கு. மனைவியை அடித்ததற்காகக் குற்றவாளியானவர் ‘மனைவி, பிள்ளைகள் என்னை நம்பித்தான் இருக்கிறார்கள்’ என்று சொல்ல, அந்த மனைவி சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

திருந்துவார் என்பதற்குக் காகிதம்

குடும்பக் கஷ்டம் தண்டனையைக் கொஞ்சம் நகர்த்தும். திருந்திவிட்டார் என்ற நம்பிக்கை அதைவிட அதிகம் நகர்த்தும். 1980 பச்சன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு, குற்றவாளி திருந்த வாய்ப்பிருக்கிறதா என்பதைத் தணிப்புக் காரணமாகவே எடுத்துக்கொண்டு, திருந்தவே மாட்டார் என்பதை ஆதாரத்தோடு காட்டும் பொறுப்பை அரசின் மேல் வைத்தது. 2022 மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில், மரண தண்டனை கேட்கும் அரசு மனநல மதிப்பீட்டைத் தாக்கல் செய்ய வேண்டும், நன்னடத்தை அலுவலர் அறிக்கையும் சிறை நடத்தை அறிக்கையும் வர வேண்டும் என்று விரிவாகச் சொன்னார்கள். இவை மரண தண்டனை வழக்குகளுக்கு. உங்கள் வழக்கு மூன்று வருடக் குற்றமாக இருந்தால் யாரும் உங்களுக்காக எதையும் திரட்டமாட்டார்கள். ஆனால் என்ன திரட்ட வேண்டும் என்பதற்கு அந்தத் தீர்ப்பே நல்ல அட்டவணை.

கையில் ஏற்கெனவே இருக்கும் சான்று பலருக்குத் தெரிவதில்லை. ஜாமீன் நிபந்தனைக்காகக் காவல் நிலையத்தில் போட்ட கையெழுத்துகள். ஒரு நாள் தவறாமல் மூன்று மாதம் போட்டிருந்தால் அது நடத்தைக்கு அத்தாட்சி. எல்லா வாய்தாவுக்கும் ஆஜரானது, பிடிவாரண்ட் வராதது, வழக்கு நடந்த ஆறு வருடத்தில் வேறு வழக்கு இல்லாதது. இதெல்லாம் நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது, எண்ணி எழுத மட்டும் வேண்டும். சிறையில் இருப்பவர் என்றால் நடத்தைச் சான்று, அங்கே செய்த வேலை, இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மையத்தில் படித்தது.

குடியால் வந்த வழக்கு என்றால் மறுவாழ்வு மையத்தின் வருகை அட்டை. ஒரு அட்டையில் நடுவே இரண்டு மாதம் காலி. ‘வேறு அட்டை எழுதி வாங்கிவிடலாமா?’ என்று மச்சான் ரகசியமாக என்னிடம் கேட்டார். சீனியர் காதில் விழுந்தது. இருவருக்கும் நல்ல திட்டு. அந்த இரண்டு மாதம் மறுபடி குடித்தார், மனைவி இழுத்துக்கொண்டுபோய் மறுபடி சேர்த்தார், அப்புறம் பதினான்கு மாதம் தொடர்ச்சி. இதை அப்படியே பிரமாணப் பத்திரமாக மனைவியே தாக்கல் செய்தார். குடும்பமும் திருந்துதலும் ஒரே தாளில் சேர்ந்த இடம் அது. அவருக்கு நன்னடத்தை கிடைத்தது.

நற்சான்றுக் கடிதங்களுக்கு நான் அவ்வளவு மதிப்புத் தருவதில்லை. ஒருமுறை ஐந்து கடிதம் வந்தது. ஐந்தும் ஒரே தட்டச்சு, ஐந்திலும் ஒரே எழுத்துப்பிழை. ஒன்றில் ‘இவர் மீது எந்த வழக்கும் இல்லை என்று சான்றளிக்கிறேன்’ என்றிருந்தது, நீதிபதி சிரித்துவிட்டார். கடிதம் வாங்கினால் ஒன்றோ இரண்டோ போதும். எழுதுபவருக்கு வழக்கு தெரியும், குற்றவாளி என்று தீர்ப்பானாலும் தன் நிலை மாறாது, இன்ன வேலை தருவேன், இவரை இத்தனை வருடமாக இப்படித் தெரியும் என்று அவர் கைப்பட இருக்கட்டும்.

எதிர்ப்பக்கம்

நீதிமன்றம் எடை போடுகிற தராசில் இன்னொரு தட்டும் இருக்கிறது. 2015ல் சௌரப் பக்ஷி வழக்கில், விபத்தில் உயிர் போனதற்கு விதித்த ஒரு வருடச் சிறையை, இழப்பீடு கொடுத்தாகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ஏற்கெனவே கழித்த 24 நாளாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஆறு மாதமாக உயர்த்தியது. பணம் கட்டினால் சிறை தவிரும் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம், இழப்பீடு தருவது பற்றி நீதிமன்றம் எல்லா வழக்கிலும் யோசித்தாக வேண்டும் என்று 2013ல் அங்குஷ் கெய்க்வாட் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். முடிந்த தொகையைச் சொல்லுங்கள், அதைக் கட்டிய ரசீதும் இருந்தால் இன்னும் நல்லது. மருத்துவச் செலவைத் தீர்ப்புக்கு ஒரு வருடம் முன்பே கொடுத்தவரையும் தீர்ப்பு நாளில் கொடுக்கிறேன் என்பவரையும் நீதிபதி ஒன்றாகப் பார்ப்பதில்லை. பாதிக்கப்பட்டவரை நேரில் போய்ப் பார்த்துப் பேச முயலாதீர்கள். சாட்சியை மிரட்டியதாக அடுத்த வழக்கு வரும். எதுவானாலும் வக்கீல் மூலம்.

அந்த நாள்

‘என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?’ என்றால் குற்றவாளி தானே பேசட்டும், அரை நிமிடம். மேல்முறையீடு செய்யப்போகிறவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாது, ஆனால் ‘நான் செய்யவே இல்லை’ என்று அங்கேயும் வாதாடினால் திருந்துகிற பேச்சு அடிபடும். நடுவே ஒரு வழி இருக்கிறது. அடிபட்டவருக்கு நேர்ந்தது துயரம், அதற்காக வருந்துகிறேன், மேற்கொண்டு சட்டப்படி பார்த்துக்கொள்கிறேன், என் வீட்டு நிலைமையைக் காகிதத்தில் வைத்திருக்கிறேன். வார்த்தைகளை முந்தின நாளே வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அழுகை வந்தால் வரட்டும், வரவழைக்க வேண்டாம்.

இரக்கத்தைப் பற்றியே யோசித்து உரிமையை விடுகிறவர்கள் அதிகம். விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்களைத் தண்டனையில் கழிப்பது சலுகை கிடையாது, பழைய 428, புதிய 468ஆம் பிரிவின்படி உரிமை. ரிமாண்ட் தேதி, வெளியே வந்த தேதி இரண்டையும் ஒரு தாளில் எழுதி மொத்த நாட்களோடு கொடுங்கள். பல பிரிவுகளில் தண்டனை வந்தால் ஏக காலத்தில் அனுபவிக்க உத்தரவிடும்படி வாய்விட்டுக் கேளுங்கள். நீதிபதி தானாகவே சொல்வார் என்று இருந்து, ஒன்று முடிந்து ஒன்று என்று ஆகிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஜாமீன்தாரர்கள். ஜாமீனில் இருப்பவருக்கு மூன்று வருடத்துக்கு மேற்படாத தண்டனை விழுந்தால், மேல்முறையீடு செய்வதாகச் சொன்னவுடன் அதே நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விட வேண்டும். மறுக்கத் தனிக் காரணம் வேண்டும். பழைய 389(3), புதிய 430(3). இரண்டு ஜாமீன்தாரர்களும் காகிதங்களோடு வாசலில் இருந்தால் மாலைக்குள் வீடு. இல்லையென்றால் வெள்ளிக்கிழமை தீர்ப்புக்குத் திங்கள்வரை உள்ளே. அபராதத் தொகையையும் கையில் வைத்திருங்கள்.

சிறைத் தண்டனை விதித்தால் தீர்ப்பின் நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும். வாங்கியவுடன் தண்டனைப் பத்திக்குப் போங்கள். நீங்கள் தாக்கல் செய்த ஆவணங்கள் குறிப்பிடப்பட்டிருக்கின்றனவா, நன்னடத்தைச் சட்டம் ஏன் பொருந்தாது என்று காரணம் இருக்கிறதா, அல்லது நான் முதலில் சொன்ன அந்த மனப்பாடப் பத்தி மட்டும்தானா? மேல்முறையீட்டில் தண்டனை பற்றிய வாதம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கும். பிறகு கழிக்கப்பட்ட நாட்களை விரல் விட்டு எண்ணுங்கள். ஒரு நாள் குறைந்திருந்தாலும், அன்றைக்கே பெஞ்ச் கிளார்க்கிடம் சொல்லி மெமோ போடுங்கள்.